வயரா, வயர்லெஸ்ஸா? பேச்சாளருக்குக் காலர் மைக் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

அரங்கம் காலியாக இருந்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நானே நடந்து பேசிப் பார்த்தேன்; வயர்லெஸ் காலர் மைக் ஓர் எழுத்தைக்கூட விழுங்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இருக்கைகள் நிரம்பின. பேச்சாளர் தொடங்கிய நான்காவது நிமிடத்தில் ஹெட்போனில் குரல் நொறுங்கத் தொடங்கியது. "இதை நாம் எப்... றால்... தான் புரியும்." மைக்கின் அலையை வாங்கும் ரிசீவர் கடைசி வரிசைக்குப் பின்னால், கேமராவின் மேல், உட்கார்ந்திருப்பவர்களின் தலை உயரத்தில் இருந்தது. அதற்கும் மேடைக்கும் நடுவே ஏறக்குறைய இருநூறு உடல்கள், இருநூறு செல்போன்கள். நான் சோதித்தது வேறு ஓர் அரங்கத்தை.

அதன்பிறகு சில மாதங்கள் வயர் மைக்கைத் தவிர வேறெதையும் தொடவில்லை. உட்கார்ந்தே பேசுவேன் என்று சொல்லியிருந்த ஒருவர், பேச்சின் உற்சாகத்தில் எழுந்து வெண்பலகையை நோக்கி நடந்தார். ஆறு மீட்டர் வயர் விறைத்தது. மறுமுனையில் இருந்த கேமரா முக்காலியோடு அவர் பின்னால் கிளம்பியது.

இந்த இரண்டு நாட்களும் கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான் இன்றுவரை மைக் தேர்ந்தெடுக்கிறேன். வயர் மைக்கின் கோளாறு பெரும்பாலும் பதிவைத் தொடங்கும் முன்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வயர்லெஸ் மைக்கின் கோளாறு நடுவில்தான் வரும். எனவே "எது சிறந்தது" என்று நான் கேட்பதில்லை. இந்தப் பேச்சாளருக்கு, இந்த இடத்தில், எந்தக் கோளாறு வரக்கூடும், வந்தால் எனக்கு உடனே தெரியுமா, தெரிந்தால் என்ன செய்ய முடியும் என்றுதான் பார்க்கிறேன். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் போகின்றன.

படி 1: குரலின் தரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்

வயர் மைக்கில்தான் ஒலி நன்றாக இருக்கும் என்பது பாதி உண்மை. சட்டையில் மாட்டும் அந்தக் கடுகளவுத் தலைக்குள் இருப்பது இரண்டிலுமே பெரும்பாலும் எலக்ட்ரெட் வகை மைக்தான். 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கிய நுட்பம் அது. மைக்கை இவ்வளவு சிறிதாகவும் மலிவாகவும் செய்ய வழிவிட்டது அதுவே. பெரும்பாலான காலர் மைக்குகள் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியை ஒரே மாதிரி வாங்கும். பேசுபவர் தலையைத் திருப்பினாலும் குரல் அதிகம் மாறாமல் இருப்பதற்கு அது உதவுகிறது. பக்கத்தில் ஓடும் மின்விசிறியும் சேர்ந்து பதிவாவதற்கும் அதே குணம்தான் காரணம்.

குரலின் தரத்தை முதலில் தீர்மானிப்பது வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம். தூரம் இரண்டு மடங்கானால் நேரடிக் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். சட்டையில் 20 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மலிவான மைக், மூன்று மீட்டர் தள்ளி கேமராவின் மேல் இருக்கும் விலையுயர்ந்த மைக்கைத் தோற்கடிப்பது இதனால்தான். வயரா வயர்லெஸ்ஸா என்ற கேள்வி அதற்குப் பிறகு வருகிறது. அது சட்டையிலிருந்து பதிவுக் கருவிவரை ஒலி எப்படிப் பயணம் செய்கிறது என்பதைப் பற்றியது.

வயர்லெஸ்ஸிலேயே இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று, குரலை ரிசீவருக்கு அனுப்பும், இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டரும் அதிலிருந்து மெல்லிய வயரில் வரும் காலர் மைக்கும். மற்றொன்று, தீப்பெட்டி அளவில் மைக்கும் டிரான்ஸ்மிட்டரும் ஒன்றாக அமைந்து, நேரடியாகச் சட்டையில் கவ்வும் வகை. 2019-இல் ரோட் நிறுவனத்தின் வயர்லெஸ் கோ வந்த பிறகு இந்த இரண்டாவது வகைதான் எங்கும் தென்படுகிறது. மாட்ட எளிது, ஆனால் மெல்லிய துணியைக் கீழே இழுக்கும், படத்தில் கறுப்புக் கட்டியாகத் தெரியும். இத்தகைய கருவிகள் பலவற்றில் 3.5 மி.மீ. துளை ஒன்று இருக்கும். அதில் சாதாரண வயர் காலர் மைக்கைச் செருகிவிட்டு, பெட்டியைச் சட்டைப்பைக்குள் மறைத்துவிடலாம். நல்ல வயர் மைக் ஒன்றை முதலில் வாங்கினால், பின்னாளில் வயர்லெஸ் வாங்கும்போதும் அது வீணாகாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

படி 2: பேச்சாளரின் கால்களைப் பாருங்கள்

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துப் பேசுபவருக்கு வயர்லெஸ் தேவையே இல்லை. கேமரா இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் இருக்கும், வயர் மேசைக்குக் கீழே போய்விடும், யாருக்கும் தெரியாது. அங்கே வயர்லெஸ் வாங்குவது சார்ஜ் போட வேண்டிய பொருள்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டும்.

ஒரே இடத்தில் நின்று பேசுபவர் கொஞ்சம் சிக்கலானவர். நிற்கிறேன் என்று சொல்பவர்களில் பலர் நிற்பதில்லை. பேச்சாளரின் பழைய காணொளி ஏதாவது கிடைத்தால் ஒலியை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். கால்கள் எங்கே போகின்றன, கைகள் மார்பைத் தொடுகின்றனவா, பலகைப் பக்கம் திரும்பும்போது முழு முதுகையும் காட்டுகிறாரா என்பது தெரிந்துவிடும். அவரிடமே கேட்டுப் பெறும் பதிலைவிட இது நம்பகமானது.

நடந்துகொண்டே பேசுபவர், செய்முறை காட்டுபவர், பார்வையாளர்களுக்கு நடுவே இறங்குபவர், இவர்களுக்கு வயர் ஆபத்து. தடுக்கி விழுந்தால் போவது ஒலி மட்டுமில்லை. இவர்களுக்கு வயர்லெஸ், அல்லது படி 6-இல் சொல்லும் மூன்றாவது வழி.

இருவர் பேசினால், இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தால்கூட நான் வயர்லெஸ் பக்கம் சாய்வேன். இரண்டு வயர் மைக்குகளைத் தனித்தனித் தடத்தில் பதிவு செய்ய இரண்டு உள்ளீடுகள் உள்ள ரெக்கார்டர் வேண்டும். சாதாரண கேமராவில் இருப்பதோ ஒரே துளை. இரண்டு டிரான்ஸ்மிட்டர், ஒரு ரிசீவர் என்று வரும் தொகுப்புகள் ஒரே துளை வழியாக இடது, வலது தடங்களில் ஆளுக்கொன்றாகக் குரலை அனுப்பிவிடும். ரிசீவரில் ஸ்டீரியோ முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். மோனோவில் விட்டால் இரண்டு குரலும் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு பிரிக்க முடியாது.

படி 3: எதில் பதிவாகப் போகிறது?

வாங்கிய மைக் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில். மைக்கில் பழுது இருக்காது, வயரின் முனையில் உள்ள பின் கருவிக்குப் பொருந்தியிருக்காது.

3.5 மி.மீ. பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதில் கறுப்பு வளையங்கள் தெரியும். இரண்டு வளையம் என்றால் டி.ஆர்.எஸ்.; அது கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் உரியது. மூன்று வளையம் என்றால் டி.ஆர்.ஆர்.எஸ்.; ஹெட்போன் துளை உள்ள செல்போனுக்கும் பெரும்பாலான மடிக்கணினிகளுக்கும் உரியது. இரண்டு வளையப் பின்னைச் செல்போனில் செருகினால், மைக் வந்திருக்கிறது என்பதே செல்போனுக்குத் தெரியாது. சத்தமில்லாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். குரல் பதிவாகிறது என்பதால் நீங்களும் சந்தேகப்படமாட்டீர்கள். வீட்டுக்குப் போய்க் கேட்கும்போதுதான் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பதிவை ஓடவிட்டுக் காலர் மைக்கின் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டுவது. கரகரவென்று பெரிதாகக் கேட்டால் மைக் இணைந்திருக்கிறது. பிறகு செல்போனின் அடிப்பகுதியையும் சுரண்டுங்கள்; அங்கே எதுவும் கேட்கக்கூடாது.

அடுத்தது மின்சாரம். எலக்ட்ரெட் மைக் இயங்கச் சில வோல்ட் வேண்டும். செல்போனும், மைக் துளை உள்ள பெரும்பாலான கேமராக்களும் அதைப் பின் வழியாகவே தந்துவிடும். சில மைக்குகளில் வயரின் நடுவே சிறு பெட்டி ஒன்று இருக்கும். போயா பி.ஒய்-எம்1 அப்படிப்பட்டது: ஆறு மீட்டர் வயர், எல்.ஆர்.44 பொத்தான் பேட்டரி, செல்போனா கேமராவா என்று மாற்றும் சுவிட்ச். சுவிட்ச் தவறான பக்கம் இருந்தால் ஒலி வராது. வேலை முடிந்து அணைக்க மறந்தால் அடுத்த முறை பேட்டரி தீர்ந்திருக்கும். இந்த வகை மைக்கை வைத்திருப்பவர் பையில் கூடுதலாக இரண்டு பொத்தான் பேட்டரி இருப்பது நல்லது.

எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மூன்று முள் வட்டத் துளை உள்ள ஆடியோ மிக்சரோ பெரிய ரெக்கார்டரோ தருவது 48 வோல்ட். அது இந்தச் சின்ன மைக்குக்கு மிக அதிகம். பின்னின் உருவத்தை மட்டும் மாற்றும் அடாப்டர் இங்கே போதாது. மின்னழுத்தத்தையும் குறைத்துத் தரும் அடாப்டர் வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் என்பதால் விவரக் குறிப்பைப் படித்து வாங்குங்கள்.

ஹெட்போன் துளை இல்லாத புதிய செல்போன்களுக்கு யு.எஸ்.பி.-சி பின்னுடன் வரும் மைக்கே நேர் வழி. ஐபோன் என்றால் 15-ஆம் வரிசையிலிருந்துதான் யு.எஸ்.பி.-சி, அதற்கு முந்தையவற்றுக்கு ஆப்பிளின் பழைய லைட்னிங் பின். வயர்லெஸ் ரிசீவர்களும் இந்த இரண்டு வடிவங்களிலும் வருகின்றன. உறை போட்ட செல்போனில் சில ரிசீவர்கள் முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நிற்கும். பதிவின்போது உறையைக் கழற்றிவிடுவது என் வழக்கம்.

புளூடூத் மூலம் நேரடியாகச் செல்போனில் இணையும் மைக்குகளை நான் பரிந்துரைப்பதில்லை. தாமதம் உதட்டசைவுக்குப் பொருந்தாத அளவுக்குப் போகும். பேச்சு இணைப்பில் குரலும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும்.

படி 4: வயர் என்று முடிவானால்

வாங்கும்போது நீளத்தைத்தான் முதலில் பாருங்கள். ஒன்றரை மீட்டர் வயர் செல்போனைச் சட்டைப்பையில் வைத்துப் பேசத்தான் போதும். கேமராவரை போக வேண்டுமானால் ஐந்து, ஆறு மீட்டர் வேண்டும். நேர்க்கோட்டுத் தூரத்தை அளக்காமல் தரைவரை இறங்கி, ஓரமாகப் போய், மீண்டும் ஏறும் தூரத்தை அளக்க வேண்டும். பத்து மீட்டருக்கு மேல் 3.5 மி.மீ. வயரை நீட்டிக்கொண்டே போவது சரிவராது. வழியெல்லாம் உள்ள மின் இரைச்சலை அது ஏரியல் கம்பிபோல் வாங்கும். பேச்சாளர் அருகிலேயே எக்ஸ்.எல்.ஆர். அடாப்டரை வைத்து, அங்கிருந்து எக்ஸ்.எல்.ஆர். வயர் இழுத்தால் நூறு மீட்டர்கூடப் போகலாம். அந்த வயரில் ஒலி இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போகும். இடையில் சேர்ந்த இரைச்சல் மறுமுனையில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

ஹெட்போனில் "உம்ம்ம்" என்று ஓர் அடித்தொனி கேட்டால் மின்சார வயரோடு மைக் வயர் சேர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள். மடிக்கணினியில் பதிவு செய்யும்போது அந்த ஒலி வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பாதி நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். "டிட்டிட்-டிட்டிட்" என்று கேட்டால் செல்போன். 2ஜி இணைப்பில் அதன் அலை வினாடிக்கு 217 முறை விட்டுவிட்டுத் துடிக்கும். அதைத்தான் மைக் வயர் வாங்குகிறது. பேச்சாளரின் பையில் உள்ள போனை விமானப் பயன்முறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று, என் கேமராவின் புண்ணியத்தில் கற்றது. வயரின் இழுப்பு நேரடியாகப் பின்னுக்குப் போகக்கூடாது. முக்காலியின் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு, அதன்பின் கேமராவில் செருகுங்கள். தரையில் கிடக்கும் பகுதிக்கு மேல் துணிநாடா ஒட்டுங்கள்.

படி 5: வயர்லெஸ் என்று முடிவானால்

இன்று கிடைக்கும் சின்ன வயர்லெஸ் மைக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. உலகின் பெரும்பகுதியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்பது அதன் வசதி. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு என்று எல்லாமே அதே இடத்தில் நெருக்கியடிக்கின்றன என்பது அதன் வம்பு. இந்த அலையின் நீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். உடம்பு பெரும்பகுதி தண்ணீர் என்பதால் இந்த அலையை நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 200 மீட்டர், 250 மீட்டர் எல்லாம் இடையில் எதுவும் இல்லாத திறந்தவெளிக் கணக்கு. நெஞ்சில் டிரான்ஸ்மிட்டரை மாட்டிய பேச்சாளர் பலகைப் பக்கம் திரும்பி நின்றாலே, அவருடைய உடம்பு முழுவதும் சுவராக நடுவே வந்துவிடுகிறது.

ஆகவே ரிசீவர் எங்கே இருக்கிறது என்பதற்கு, அது எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதைவிட அதிக மதிப்பு உண்டு. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒன்றையொன்று "பார்க்க" வேண்டும். கேமரா பின்னால் இருந்தால் ரிசீவரைத் தலைகளுக்கு மேலே உயர்த்துங்கள். தனியாக ஒரு ஒல்லித் தாங்கியில் இரண்டு மீட்டர் உயரத்தில் வைத்தாலே பெரும் மாற்றம் தெரியும். அதைவிட நல்லது, ரிசீவரை மேடை ஓரத்தில் வைத்து, அங்கிருந்து கேமராவுக்கு எக்ஸ்.எல்.ஆர். வயர் இழுப்பது. காற்றில் போகும் தூரம் நான்கு மீட்டராகச் சுருங்கிவிடும். வயர்லெஸ் வாங்கிவிட்டு வயர் இழுப்பதா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

யு.எச்.எஃப். வகை வேறு உலகம். ஏறக்குறைய 470 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் இந்த அலைகள் நீளமானவை. உடல்களைச் சுற்றிக்கொண்டு வருவதில் 2.4-ஐவிடக் கெட்டி. தொலைக்காட்சி நிலையங்களும் நாடகக் குழுக்களும் இவற்றையே விரும்புவதற்கு அது ஒரு காரணம். பெரும்பாலானவற்றில் பின்னைத் திருகிப் பூட்டும் வசதியும், ஏ.ஏ. பேட்டரியும் உண்டு. உள்ளே புதைத்த பேட்டரி மூன்று நான்கு ஆண்டுகளில் தளர்ந்துவிடும், ஏ.ஏ. பேட்டரியை எந்நாளும் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எந்த அலைவரிசையைப் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பழைய கருவிகளை வாங்குபவர் இதில் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி செல்போன் சேவைக்குப் போய்விட்டதால், 2020 ஜூலையிலிருந்து அங்கே அந்தப் பகுதியில் வயர்லெஸ் மைக் இயக்க அனுமதியில்லை. மலிவாகக் கைமாறும் பழைய கருவிகள் பல அப்படித் தள்ளுபடியானவையாக இருக்கக்கூடும்.

தாமதத்தைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். தேவையில்லை. இந்தக் கருவிகளில் அது சில மில்லிவினாடிகள். அதிகம் போனால் இருபது சொச்சம். வினாடிக்கு 25 சட்டகங்கள் ஓடும் காணொளியில் ஒரு சட்டகமே 40 மில்லிவினாடி. ஒரே குரலை வயர் மைக்கிலும் வயர்லெஸ் மைக்கிலும் வாங்கி இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் மட்டும் சிக்கல்: குரல் குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். ஒன்றைப் பயன்படுத்துங்கள், மற்றதை மௌனமாக்கி வைத்திருங்கள்.

வயர்லெஸ் வாங்கப் போகிறவரிடம் நான் விட்டுக்கொடுக்காமல் கேட்கும் வசதி ஒன்றே ஒன்று: டிரான்ஸ்மிட்டரே தனக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ரோட் வயர்லெஸ் கோ இரண்டாம் பதிப்பிலும், டி.ஜே.ஐ. மைக்கிலும் அது உண்டு. மலிவான பலவற்றில் இல்லை. காற்றில் குரல் அறுந்தாலும் பேச்சாளரின் சட்டையில் முழுப் பதிவும் பத்திரமாக இருக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் மோனோவில் ஒரு வினாடிக்கு 1,44,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 மெகாபைட். எட்டு ஜிகாபைட் நினைவகத்தில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்கும். முதலில் சொன்ன அந்த இருநூறு பேர் அரங்கத்தில் என்னிடம் இந்த வசதி இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி தொடங்கியிருக்கும்.

படி 6: மூன்றாவது வழியை மறக்காதீர்கள்

வயர் மைக்கை ஒரு சின்ன ரெக்கார்டரில் செருகி, ரெக்கார்டரைப் பேச்சாளரின் பையிலேயே போட்டுவிடலாம். டாஸ்காம் டி.ஆர்-10எல், ஜூம் எஃப்2 போன்றவை இதற்கென்றே செய்யப்பட்டவை. ரேடியோ அலையே கிடையாது. அறுந்துபோக எதுவும் இல்லை. அவர் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். பழைய செல்போன் ஒன்றைக்கூட விமானப் பயன்முறையில் போட்டு இப்படிப் பயன்படுத்தலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, பதிவு ஓடும்போது நடப்பதைக் கேட்க முடியாது என்பது.

தொடக்கத்தில் கேமரா முன்னால் ஒருமுறை பலமாகக் கைதட்டச் சொல்லுங்கள். இரண்டு பதிவிலும் அந்த முனையை ஒன்றாக வைத்தால் ஒலியும் படமும் சேர்ந்துவிடும். முடிவிலும் ஒருமுறை தட்டச் சொல்லுங்கள். கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் முற்றிலும் ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவினாடி விலகிவிடும்; கிட்டத்தட்ட இரண்டு சட்டகம். முதல் பத்து நிமிடம் பொருந்திய உதடு கடைசியில் பொருந்தாமல் போவதன் மர்மம் அதுதான். இரண்டாவது கைதட்டல் இருந்தால் ஒலியைச் சற்று நீட்டியோ சுருக்கியோ சரிசெய்துவிடலாம்.

படி 7: மாட்டுவது

மைக்கின் இடம் தாடைக்குக் கீழே ஒரு சாண். மார்பின் நடுக்கோட்டில், அல்லது அவர் அதிகம் திரும்பும் பக்கம் சற்றே தள்ளி. திரை அவருக்கு வலப்புறம் என்றால் மைக்கும் வலப்புறம். கழுத்துக்கு மிக அருகே, தாடையின் நிழலுக்குள் வைத்தால் குரல் மங்கும். மார்பில் வைக்கும் எந்த மைக்கும் 3, 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் இழக்கும். மெய்யெழுத்துகளின் கூர்மை இருப்பது அங்கேதான். "ச", "த" போன்றவை மழுங்கிக் கேட்டால் தொகுக்கும்போது அந்தப் பகுதியைச் சில டெசிபல் உயர்த்துங்கள்.

உரசல் ஒலிதான் காலர் மைக்கின் பரம்பரை வியாதி. பட்டும் செயற்கை இழையும் அதிகம் உரசும், பருத்தி அடங்கியிருக்கும். வயரை மைக்குக்குக் கீழே ஒரு சிறு வளையமாகச் சுருட்டி, அந்த வளையத்தையும் சேர்த்துக் கிளிப்பால் கவ்வவிடுங்கள். வயர் எங்காவது இழுபட்டால் அந்த அதிர்வு வளையத்தோடு நின்றுவிடும். மைக்கின் தலைவரை ஏறாது. துணிக்கு உள்ளே போகும் வயரை மருத்துவப் பிளாஸ்திரியால் ஓரிடத்தில் ஒட்டுங்கள். பஞ்சு உறையைக் கழற்றாதீர்கள்; வெளியே என்றால் அதற்கு மேல் முடி உறையும் வேண்டும். மூச்சு நேராக மைக்கில் இடித்தால் மைக்கைத் தலைகீழாகத் திருப்பி மாட்டலாம். எல்லாத் திசைகளிலும் கேட்கும் மைக் என்பதால் குரல் ஏறக்குறைய மாறாது, மூச்சு மட்டும் விலகிப்போகும்.

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். நான் கேட்ட பதிவுகளில் மிக அதிகமாக மைக்கை அடித்தது அதுதான். மணிபோல் சீராக ஒவ்வோர் அடிக்கும் ஒரு "டொக்". சங்கிலியும் நீளமான கூந்தலும் அதற்கு அடுத்து. வயரை உடைக்குள் விட வேண்டியிருந்தால் எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அவரையே செய்யவிட்டு, நீங்கள் திரும்பி நில்லுங்கள்.

படி 8: அளவு

ஒலி அளவை மைக்கின் பக்கமிருந்து தொடங்கி வரிசையாக வையுங்கள். முதலில் டிரான்ஸ்மிட்டர், அடுத்து ரிசீவர், கடைசியில் கேமரா. டிரான்ஸ்மிட்டரிலேயே குரல் உடைந்துவிட்டால் பிறகு எங்கே குறைத்தாலும் உடைந்த குரல்தான் சின்னதாகக் கேட்கும். கேமராவின் தானியங்கி அளவை அணைத்துவிடுங்கள். அது பேச்சின் ஒவ்வொரு இடைவெளியிலும் அறையின் இரைச்சலை மேலே இழுத்துக்கொண்டு வரும். சின்னக் கேமராக்களுக்குள் மைக் ஒலியைப் பெருக்கும் சுற்றுகள் இரைச்சலானவை என்பதால் ரிசீவரின் வெளியீட்டை உயர்த்தி, கேமராவின் அளவைக் குறைத்து வைப்பது நல்லது.

உரத்த சொற்கள் அளவுமானியில் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டு இறங்கட்டும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணச் சொல்வதில் பயன் இல்லை. யாரும் மேடையில் அப்படிப் பேசுவதில்லை. பேச்சின் முதல் இரண்டு நிமிடத்தை உண்மையாகவே பேசச் சொல்லுங்கள்; ஒருமுறை வாய்விட்டுச் சிரிக்கவும் சொல்லுங்கள். கூட்டத்தைக் கண்டதும் குரல் இன்னும் ஏறும். அதற்காகவே பல கருவிகளில் பாதுகாப்புத் தடம் என்று ஒன்று உண்டு: அதே குரலை இன்னும் குறைந்த அளவில் இரண்டாவது தடத்தில் எழுதிவைக்கும். தனியாள் பேச்சுக்கு அதை எப்போதும் போட்டுவைக்கிறேன். 32 பிட் ஃப்ளோட் (மிக மெல்லிய ஒலியையும் மிக உரத்த ஒலியையும் உடையாமல் எழுதும் முறை) உள்ள கருவியில் அளவைப் பற்றிக் கவலையே இல்லை என்பார்கள். அது டிரான்ஸ்மிட்டருக்குள் எழுதப்படும் கோப்புக்கு மட்டுமே பொருந்தும். ரிசீவரிலிருந்து கேமராவுக்குப் போகும் ஒலி பழையபடி உடையத்தான் செய்யும்.

மைக்கில் உள்ள இரைச்சல் நீக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். அதைத் தொகுக்கும்போது செய்துகொள்ளலாம். பதிவிலேயே செய்துவிட்டால் நீக்கப்பட்டது திரும்பி வராது.

படி 9: பதிவு நாள்

காதை மூடும் ஹெட்போன் இல்லாமல் பதிவைத் தொடங்காதீர்கள். அளவுமானியில் பட்டை ஆடிக்கொண்டிருப்பது குரலா உரசலா என்று கண்ணுக்குத் தெரியாது. வயர்லெஸ் என்றால் கூட்டம் உள்ளே வந்து அமர்ந்த பிறகு, வரவேற்புரை நடக்கும் ஐந்து நிமிடத்தில், இன்னொரு முறை கேளுங்கள். அந்தச் சோதனைக்குத்தான் மதிப்பு. வயர் மைக் ஒன்று, பின் பொருந்துகிறது என்று முன்பே உறுதிசெய்தது, எப்போதும் பையில் இருக்கட்டும். வயர்லெஸ் முழுதாகக் கைவிட்டால் பேச்சாளரை ஓரிடத்தில் நிற்கவைத்தாவது வேலையை முடிக்கலாம்.

பேச்சு முடிந்ததும் கைகுலுக்க வருபவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். அதற்குள் போய் மைக்கை வாங்கிவிடுங்கள். என் டிரான்ஸ்மிட்டர் ஒருமுறை சட்டையில் மாட்டியபடியே வாடகைக் காரில் ஏறிப் போய், மறுநாள்தான் திரும்பி வந்தது. கோப்பைத் திறந்தபோது பேச்சுக்குப் பின் ஐம்பது நிமிடம் கூடுதலாக ஓடியிருந்தது. கேட்காமல் வெட்டி நீக்கினேன். இப்போதெல்லாம் கடைசிக் கைதட்டல் எழும்போதே மேடைப் படியின் கீழே போய் நின்றுவிடுகிறேன்.